உடைத்த கல்லுக்கு நட்ட கல்: சிங்கப்பூர்ச் சாலையோர நினைவுக் கற்கள்

எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கும் கல்லிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவை பிறகு வரட்டும்.

கனாட் டிரைவ் சாலையின் ஓரம், பாடாங் திடலுக்கு எதிர்ப்புறம், மரங்களுக்கு நடுவே அது நிற்கிறது. இந்தத் தீவில் 27 ஆண்டுகள் பேருந்து ஓட்டியவன் நான். அந்தப் பக்கமாக எத்தனை ஆயிரம் முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. ஓட்டுநரின் கண் ஏறுகிறவர் மீதும் இறங்குகிறவர் மீதும் இருக்கும். சாலையோரத்துக் கல் பக்கக் கண்ணாடியில் பின்னால் ஓடி மறைந்துவிடும். ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் காலையில் பயணியாக அங்கே போய் இறங்கினேன். கல்லின் முன் நின்று தமிழ் வரிகளைப் படித்தேன். இரண்டாம் முறை வாய்விட்டுப் படித்தேன். பிறகு பக்கத்துக் கடைத்தொகுதிக்குப் போய் ஒரு குறிப்பேடு வாங்கினேன். அடுத்த பதினான்கு மாதங்களில் ஒவ்வொரு கல்லாகத் தேடிப் போய் எழுதிய குறிப்புகளைத்தான் இங்கே மதிப்புரையாகத் தருகிறேன். உணவகத்தைப் பற்றியும் தங்குமிடத்தைப் பற்றியும் எழுதுகிறோம். நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நமக்குச் சேவை செய்யும் இந்தக் கற்களைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும்.

அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். 1995-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, போர் நடந்த இடங்களிலும் ஜப்பானியர் பிடியில் மக்கள் கொல்லப்பட்ட இடங்களிலும் சிங்கப்பூரில் நினைவுக் கற்கள் வைக்கப்பட்டன. திறந்து வைத்த புத்தகத்தைப் போன்ற வடிவம். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளோடு ஜப்பானிய மொழியிலும் செய்தி உண்டு. டிக்கெட் கிடையாது, மூடும் நேரம் கிடையாது. நடுநிசியில் போனாலும் படிக்கலாம்.

ஜப்பானிய மொழியும் அதில் இருப்பதைப் பற்றி நான் நெடுநேரம் யோசித்தேன். கொன்றவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்தக் கரைக்கு வருவார்கள், அவர்களும் தங்கள் மொழியிலேயே இதைப் படிக்கட்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார். அதில் பழிவாங்கும் எண்ணம் இல்லை, மூடி மறைக்கும் எண்ணமும் இல்லை. அந்த முடிவுக்காக மட்டுமே இந்தக் கற்களை வைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இனி எஸ்பிளனேட் கல். 1945 ஜூலை 8 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இங்கே அடிக்கல் நாட்டினார். இந்திய தேசிய ராணுவத்தில் உயிர்நீத்த, பெயர் அறியப்படாத வீரர்களுக்கான நினைவுச் சின்னம் அது. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற படையின் முழக்கம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. அடிக்கல் நாட்டிய 41-ஆம் நாள், ஆகஸ்ட் 18 அன்று, தைவானில் விமான விபத்தில் அவர் இறந்தார். செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது. நேசநாட்டுப் படைத் தளபதி மவுன்ட்பேட்டனின் உத்தரவில் சின்னம் தகர்க்கப்பட்டது. சில வாரங்களே நின்ற ஒரு கல்லைக்கூட விட்டுவைக்க முடியாத அளவுக்கு அதன் மேல் அச்சம் இருந்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, இந்தியச் சமூகத்தின் நன்கொடையோடு, அதே இடத்தில் இன்றைய கல் எழுந்தது. வீரர்களுக்கு நட்ட கல் உடைந்து போயிற்று. இது அந்த உடைந்த கல்லுக்கு நட்ட கல்.

என் குடும்பத்துக்கு இதில் பங்கு உண்டு. அப்பத்தா ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டைப் பற்றியும் மூன்று வேளையும் தின்ற மரவள்ளிக்கிழங்கைப் பற்றியும் எப்போதாவது சொல்வார். இரண்டே இரண்டு விஷயங்களைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒன்று, தோட்டத்துக்கு நேதாஜியின் ஆட்கள் வந்தபோது காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தது. மற்றொன்று, தம்பியைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனது. சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து. அங்கே பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்புயூசயாட் வரை ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கூட்டங்கூட்டமாகத் தமிழர்களை அங்கே கொண்டுபோனார்கள். 1943 அக்டோபரில் பாதை இணைந்தது. அப்பத்தாவின் தம்பி திரும்பவில்லை.

ஒரே வீட்டிலிருந்து தோடு ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் போனார்கள். நேதாஜியின் படையோ ஜப்பானோடு கூட்டுச் சேர்ந்த படை. சிறுவயதில் இது எனக்கு விளங்கவே இல்லை. அப்பத்தாவிடம் ஒருமுறை கேட்டேன். "தோடு நான் கொடுத்தது, தம்பி அவன் எடுத்தது" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. எஸ்பிளனேட் கல்லின் முன் நிற்கும்போதெல்லாம் அந்த வார்த்தைகள்தாம் காதில் விழுகின்றன. சில வரிகளில் செய்தி சொல்லும் ஒரு கல் இவ்வளவு சிக்கலைச் சுமக்க முடியாது. அது இடத்தைக் காட்டும், நாளைச் சொல்லும். மீதியை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

இந்தக் கல்லைத் தனியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். எதிரே தெரியும் பாடாங் திடலில்தான் 1943 ஜூலை 5 அன்று நேதாஜி படையைப் பார்வையிட்டு, டெல்லி நோக்கிப் புறப்படச் சொன்னார். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கேத்தே கட்டடம். அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அவர் அங்கேதான் அறிவித்தார். மறுநாள் வாட்டர்லூ ஸ்திரீட்டில் பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தலைமை ஏற்ற லட்சுமி சாமிநாதன் சென்னையில் படித்துவிட்டு இங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் படையில் சேர்ந்தவர்களில் மிகப் பலர் துப்பாக்கியை அதற்கு முன் தொட்டே பார்த்திராத தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள். இன்னும் முன்னால் போனால் ஃபேரர் பார்க். சிங்கப்பூர் விழுந்த மூன்றாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, ஏறக்குறைய 45,000 இந்தியச் சிப்பாய்களை அந்தத் திடலில் கூட்டி, பிரிட்டிஷார் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தை முதலில் அமைத்த கேப்டன் மோகன் சிங் பேசியதும் அங்கேதான். நான் வண்டி ஓட்டிய காலத்தில் இவை எனக்கு நிறுத்தங்களின் பெயர்கள். இப்போது ஒவ்வொன்றிலும் இறங்கி நடக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அந்தக் கல்லின் அருகே ஓர் இளைஞர் நின்றுகொண்டிருந்தார். கட்டுமானத் தொழிலாளி, சிவகங்கைப் பக்கம். வாரத்தில் அந்த ஒருநாள்தான் அவருக்கு விடுமுறை. விரலை வரியின் அடியில் வைத்து, பள்ளிப் பிள்ளையைப் போல எழுத்துக்கூட்டி அல்ல, நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் கொடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்: "ஐயா, நேதாஜி இந்த இடத்திலா நின்றார்?"

"இதே இடத்தில்தான் அடிக்கல் நாட்டினார்" என்றேன்.

அவர் காலணியைக் கழற்றிப் புல்லில் வைத்தார். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் மலேயாவுக்குக் கப்பலேறியவர். படையில் சேர்ந்தார் என்று ஒரு கடிதம் வந்ததோடு சரி, அதன் பிறகு தகவல் இல்லை. வீட்டில் படம்கூடக் கிடையாது, பெயர் மட்டும் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னார். என் குறிப்பேட்டைத் திறந்து, நாள், இடம் போட்டு, பெயரை எழுதிக்கொண்டேன். எழுதியது சரியா என்று எட்டிப் பார்த்தார். ஓர் ஒற்றுப்பிழை இருந்தது, திருத்தச் சொன்னார். திருத்தினேன்.

அந்த ஒற்றுதான் இந்த மதிப்புரைக்கு அளவுகோலைத் தந்தது. கல் நடுவது நமக்குப் புதிதல்ல. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் நட்டு, பெயரும் பீடும் எழுதிய மரபு நம்முடையது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ்பிராமி நடுகல்லில், கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், இறந்த அந்தவன் என்ற ஒருவன் பெயர் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவன் மாடு மேய்த்த காடு போயிற்று, ஊர் மாறிற்று. பெயரை இன்றும் படிக்க முடிகிறது. ஆகவே ஒவ்வொரு கல்லின் முன்னும் நான் இரண்டு கேள்விகளைக் கேட்டேன். பீடு இருக்கிறதா? பெயர் இருக்கிறதா?

சாங்கிக் கடற்கரைப் பூங்காவில் இருக்கும் கல்லில் எண் இருக்கிறது: 66. 1942 பிப்ரவரி 20 அன்று, அந்த நீர்விளிம்பில் 66 சீன ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இடத்தேர்வில் இதற்கு ஈடான இன்னொரு கல்லை நான் பார்க்கவில்லை. கல்லைப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் கண்ணெதிரே அதே கடல், அதே மணல். மறைப்பதற்கு எதுவும் நடுவில் இல்லை. தலைக்கு மேல் விமானங்கள் தாழ்ந்து இறங்குகின்றன. கூடாரம் அடித்துக் குடும்பங்கள் இறைச்சி சுடுகின்றன. முதலில் அந்தப் புகை எனக்கு உறுத்தியது. பிறகு, இறந்தவர்களும் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆசைப்பட்டவர்கள்தாமே என்று தோன்றியது.

ஒன்பது வயதுப் பேத்தியை உடன் அழைத்துப் போயிருந்தேன். ஆங்கிலத்தில் அவள் படித்தாள், தமிழில் நான் படித்தேன். முடித்ததும் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "தாத்தா, இங்கே குளிக்கலாமா?" குளிக்கலாம் என்றேன். அலை வரும் இடம்வரை போனாள். கணுக்கால் மட்டும் நனைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஒரு கல் தன் வேலையைச் செய்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

பொங்கோல் கடற்கரைக் கல் இதன் உடன்பிறப்பு. பிப்ரவரி 28 அன்று அங்கே 300 முதல் 400 சீன ஆண்கள் கொல்லப்பட்டார்கள். இப்போது சுற்றிலும் உணவகங்களும் படகுத்துறையும் மிதிவண்டிப் பாதையும் வந்துவிட்டன. கல்லைக் கண்டுபிடிக்க இருவரிடம் வழி கேட்டேன், இருவருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு கல் இருப்பதே அவர்களுக்குச் செய்தி.

இந்தக் கடற்கரைகளுக்கு மக்கள் எங்கிருந்து கொண்டுவரப்பட்டார்கள் என்பதை அறிய சைனாடவுனுக்குப் போக வேண்டும். ஹோங் லிம் வளாகத்தின் அருகே சூக் சிங் கல் இருக்கிறது. தங்களுக்கு எதிரானவர்கள் என்று கருதிய சீனர்களை ஜப்பானியர் பிரித்தெடுத்துக் கொன்றதன் பெயர்தான் சூக் சிங். 1942 பிப்ரவரி 18 முதல் மார்ச் 4 வரை, 18 முதல் 50 வயதுக்குட்பட்ட சீன ஆண்களை இப்படிப்பட்ட மையங்களுக்கு வரச்சொல்லி வடிகட்டினார்கள். பிழைத்தவர்களுக்குச் சோதனை முடிந்ததற்கான முத்திரை கிடைத்தது. சிலருக்குத் துண்டுச் சீட்டில், சிலருக்குச் சட்டையில், சிலருக்குத் தோலிலேயே. கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 5,000 பேர் என்று ஜப்பானியத் தரப்புக் கணக்கு சொன்னது; சீனச் சமூகம் சொல்லும் தொகை அதைப் போலப் பல மடங்கு. இந்தக் கல்லின் பலமும் பலவீனமும் ஒன்றே: நெரிசல். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஆயிரம் பேர் தாண்டிப் போகிறார்கள். நான் நின்றிருந்த அரைமணி நேரத்தில் ஒரே ஒரு மூதாட்டி மட்டும் நின்றார். படிக்கவில்லை. கல்லின் விளிம்பைக் கையால் தொட்டுவிட்டு நடந்தார். அவருக்குப் படிக்கத் தேவை இருந்திருக்காது.

ஆர்ச்சர்ட் சாலை தொடங்கும் இடத்தில், ஒய்எம்சிஏ அருகே இருக்கும் கல், ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்த்தாயின் கிழக்கு வட்டாரத் தலைமையகம் இருந்த இடத்தைக் காட்டுகிறது. பழைய கட்டடம் இப்போது இல்லை. 1943 செப்டம்பர் இறுதியில் நேசநாட்டு வீரர்கள் சிலர் க்ரெய்ட் என்ற சிறு படகில் வந்து, சிறுதோணிகளில் துறைமுகத்துக்குள் புகுந்து, ஏழு கப்பல்களைச் சேதப்படுத்திவிட்டுத் தப்பினார்கள். உள்ளூரில் யாரோ உளவு சொன்னதாகச் சந்தேகப்பட்டு அக்டோபர் 10 அன்று வேட்டை தொடங்கியது. மொத்தம் 57 பேர் பிடிபட்டார்கள். 15 பேர் இறந்தார்கள். அவர்களில் யாருக்கும் அந்தத் தாக்குதலில் பங்கில்லை. சிறைப்பட்டிருந்தவர்களுக்கு உதவிய எலிசபெத் சோய் என்ற ஆசிரியை ஏறக்குறைய 200 நாட்கள் அங்கே சித்திரவதைப்பட்டு உயிரோடு வெளியே வந்தார். அலறல் வெளியே கேட்டிருக்கும் தூரத்தில்தான் இன்று நாம் சாலையைக் கடக்கப் பச்சை விளக்குக்குக் காத்திருக்கிறோம். வண்டிச் சத்தத்தில் மனம் ஒன்றிப் படிக்க முடியாது. ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போங்கள்.

கிராஞ்சி நீர்த்தேக்கப் பூங்கா வெகுதூரம். ஆனால் கட்டாயம் போக வேண்டிய இடம். 1942 பிப்ரவரி 9 இரவு ஜப்பானியப் படை அந்தக் கரையில் ஏறியபோது, எண்ணெய்க் கிடங்குகளிலிருந்து வடிந்த எண்ணெய் நீரில் பரவித் தீப்பிடித்தது. ஓடைகளில் இருந்த ஜப்பானிய வீரர்கள் எரிந்தார்கள். ஆஸ்திரேலியர்களோடு தோள்சேர்ந்து நின்றவர்களில் உள்ளூர்ச் சீனத் தொண்டர்களும் உண்டு. இப்போது அங்கே கொக்குகள் நிற்கின்றன, எதிர்க்கரையில் ஜொகூர் தெரிகிறது. அப்பத்தாவின் தோட்டம் அந்தத் திசையில்தான் இருந்தது. வெகுநேரம் நின்றேன். கிராஞ்சிப் பக்கம் பேருந்து அடிக்கடி வராது. திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாசிர் பாஞ்சாங்கில் அன்றைய காங்கிரீட் காவலரணே இன்னும் நிற்கிறது. அதனால் கல்லுக்கு அதிக வேலை இல்லை. அருகிலுள்ள புக்கிட் சண்டுவில் லெப்டினன்ட் அட்னான் சைடியின் மலாய்ப் படைப்பிரிவு பிப்ரவரி 14 வரை போராடியது. பஞ்சாபிச் சிப்பாய்கள் போல வேடமிட்டு ஜப்பானியர்கள் வந்தபோது அவர்களைக் காட்டிக்கொடுத்தது அணிவகுப்பு: பிரிட்டிஷ் படையில் மூவர் மூவராக நடப்பார்கள், வந்தவர்கள் நால்வர் நால்வராக வந்தார்கள். பேத்திக்கு மிகவும் பிடித்த கதை இதுதான்.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். கோபத்தில் எழுதவில்லை, அக்கறையில் எழுதுகிறேன்.

முதல் குறை, நம் எழுத்து. ஓர் இடத்தில், எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை, பிற்காலத்தில் வைத்த ஒரு விளக்கப் பலகையில் ஒற்றைக்கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகச் சிதறிக் கிடந்தது. 'கொ' என்று இருக்க வேண்டியது மூன்று துண்டுகளாக நின்றது. கணினியில் எழுத்துரு மாறினால் இப்படி ஆகும் என்று மகள் சொன்னாள். அச்சுக்குப் போகும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர், ஒரே ஒருவர், பார்த்திருந்தால் போதும். சீனத்தில் ஒரு கோடு விடுபட்டால் மறுநாளே திருத்தியிருப்பார்கள். நாமும் கேட்க வேண்டும். நான் கடிதம் எழுதினேன். இரண்டு மாதங்கள் கழித்துப் போனபோது சரியாக இருந்தது.

இந்த ஊரில் தமிழைக் கல்லில் பொறிக்கத் தெரியாமல் இல்லை. எம்பிரஸ் பிளேஸில் நிற்கும் டல்ஹௌசித் தூணைப் பாருங்கள். இந்தியாவின் கவர்னர் ஜெனரல் 1850-இல் வந்துபோனதற்காக, ஜான் டர்ன்புல் தாம்சன் வடிவமைத்த தூண். ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்), சீனத்தோடு தமிழும் அதில் இருக்கிறது. எஸ்பிளனேட் பூங்காவிலேயே, எங்கள் கல்லிலிருந்து கூப்பிடு தூரத்தில், லிம் போ செங் நினைவகம் இருக்கிறது. ஜப்பானியரை எதிர்த்து இரகசியமாகப் போராடி, 1944 ஜூன் 29 அன்று மலாயாவின் பத்து காஜா என்ற ஊரின் சிறையில் உயிர்விட்டவர் அவர். சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து அதே நாளில் திறந்த அந்த எண்கோண மண்டபத்தில், அவர் வாழ்க்கையைத் தமிழிலும் வெண்கலத் தகட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு சீன வீரனுக்குத் தமிழ் வரி. ஒரு தமிழ்ச் சிப்பாயின் கதைக்குச் சீன வரி. இந்த இரண்டையும் ஒரே மாலையில் படிக்கக் கிடைப்பதை நான் பெரிய பேறாக நினைக்கிறேன்.

இரண்டாவது குறை, திசை. கல்லின் முன் நிற்கிறோம். எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும்? படை எங்கிருந்து வந்தது, எந்தக் கட்டடம் எந்த மூலையில் இருந்தது? ஓர் அம்புக்குறி போதும். பேருந்து நிறுத்தத்தில்கூட வண்டி போகும் திசையைப் போட்டுத்தான் வைக்கிறோம்.

மூன்றாவதும் பெரியதும், பெயர். பீட்டுக்குக் குறைவில்லை. ஆனால் 66 பேர் என்ற எண்ணுக்குப் பின்னால் 66 வீடுகள் இருந்தன. பாடாங்கை ஒட்டி நிற்கும் போர் நினைவுச் சின்னத்தில் முதல் உலகப் போரில் இறந்த 124 பேரின் பெயர்களும் இருக்கின்றன. 1922-இல் திறந்தது, அன்றே அது முடிந்திருக்கிறது. படைவீரனுக்குப் பட்டியல் இருந்தது, பெயர் கிடைத்தது. கடற்கரையில் சுடப்பட்ட கடைக்காரனுக்கும் சயாமில் புதைந்த தோட்டத் தொழிலாளிக்கும் பட்டியல் எழுதியவர் இல்லை. என் அப்பத்தாவின் தம்பி பெயர் எந்தச் சாலையோரத்திலும் இல்லை. என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

பிப்ரவரி 15 என்ற ஒரு நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1915-இல் அந்த நாளில்தான் அலெக்சாண்ட்ரா முகாமில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள்; பிறகு ஊட்ரம் சிறைச் சுவருக்கு வெளியே, மக்கள் பார்க்க, 47 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 1942-இல் அதே நாளில் சிங்கப்பூர் சரணடைந்தது. 1967-இல் அதே நாளில் பீச் ரோட்டில் பொதுமக்களுக்கான போர் நினைவுச்சின்னத்தைப் பிரதமர் லீ குவான் யூ திறந்துவைத்தார். 60 மீட்டருக்கு மேல் உயர்ந்த நான்கு தூண்கள், நான்கு இனங்களுக்காக. அடியில் நான்கு மொழிகள். 1962 முதல் பல இடங்களில் தோண்டி எடுத்த எலும்புகள் அதன் கீழே இருக்கின்றன. ஆண்டுதோறும் அன்று மாலை 6.20-க்குத் தீவு முழுக்க அபாயச் சங்கு ஒலிக்கும். சென்ற முறை அந்தச் சங்கை எஸ்பிளனேட் கல்லின் முன் நின்று கேட்டேன். ஓடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, எதற்கு என்று கேட்டார். கல்லைக் காட்டினேன்.

நட்சத்திரம் கேட்பவர்களுக்கு: சாங்கிக்கு ஐந்தில் ஐந்து. எஸ்பிளனேடுக்கும் ஐந்து, அதில் என் பாசமும் சேர்ந்திருக்கிறது, இருக்கட்டும். கிராஞ்சிக்கு நான்கு. சூக் சிங் கல்லுக்கும் நான்கு. ஒய்எம்சிஏ கல்லுக்கு மூன்றரை. குறைத்தது சத்தத்துக்காக மட்டுமே. பொங்கோலுக்கும் மூன்றரை, வழிகாட்டி அம்பு வைத்தால் ஐந்து கொடுக்கக் காத்திருக்கிறேன்.

முதல்முறை போகிறவர்கள் சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்குங்கள். முதலில் போர் நினைவுச் சின்னம், பிறகு லிம் போ செங், பிறகு எங்கள் கல், அங்கிருந்து நடந்தே எம்பிரஸ் பிளேஸ் தூண். நின்று படித்தாலும் இரண்டு மணி நேரம் போதும். காலை எட்டு மணிக்கு முன் தொடங்குங்கள். வெயில் ஏறினால் எழுத்தின் மேல் ஒளி பட்டுத் தெறிக்கும், வயதான கண்ணுக்குப் படிப்பது சிரமம். பிள்ளைகளை அழைத்துப் போனால் தமிழ்ப் பகுதியை அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் திருத்தாதீர்கள், முடிக்க விடுங்கள்.

குடையோடு ஓர் ஈரத்துணியும் கொண்டு போங்கள். மரத்தடிக் கல் என்பதால் பறவை எச்சமும் காய்ந்த இலையும் விழுந்து கிடக்கும். சென்ற வாரம் தமிழ் வரிகளின் மேலேயே விழுந்திருந்தது. துடைத்துவிட்டு, கீழே இருந்த ஜப்பானிய வரிகளையும் துடைத்துவிட்டு வந்தேன்.